நூறு சதவீத வண்ணக் கிராமம்

ஒரு பேரரசின் மாண்பை அதன் போர்க்கப்பல்களை எண்ணி அறியக் கூடாது, அதன் கடைசிக் குடியானவனின் சட்டை நிறத்தைப் பார்த்தே அறிய வேண்டும் என்று தொடங்கியது மாகாண ஆளுநரின் சுற்றறிக்கை. கொரியக் குடிகள் காலங்காலமாக வெள்ளை உடுத்துவது சோம்பலின் அடையாளம், அழுகையின் அடையாளம், துவைத்துத் துவைத்தே பொழுதைக் கழிப்பதன் அடையாளம். ஜப்பான் பேரரசின் நிழலுக்கு வந்த பிறகும் அதை விடாதது நன்றி கெட்டதன் அடையாளம். ஆகவே கறுப்பு, கருநீலம், பழுப்பு, சாம்பல் ஆகிய நான்கில் ஒரு நிறத்துக்கு எல்லோரும் உடனே மாற வேண்டும் என்று மூன்று பக்கத்துக்கு அது விளக்கியது. சுற்றறிக்கை வெள்ளைத் தாளில் அச்சாகியிருந்தது.

சொங்னே வட்டத்தின் தலைவர் கூ தேயுன் அதை அலுவலக முற்றத்தில் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று வாசித்தார். அவரும் கொரியர்தான். போன மாதம் வரை வெள்ளைதான் உடுத்திக்கொண்டிருந்தார். இன்று கழுத்து வரை பித்தான் போட்ட கறுப்புக் கோட்டில், அடுப்பில் ஏற்றிய பானைபோல வியர்த்துக்கொண்டிருந்தார். ‘ஆளுநர்’ என்ற சொல் வரும்போதெல்லாம் நிறுத்தி, தலைநகர் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு போட்டார். மூன்று பக்கத்தை முடிக்க ஒரு காலைப் பொழுது ஆயிற்று.

மறுநாளே வண்ண உடைப் பிரிவு என்று ஒன்று தொடங்கப்பட்டது. அதன் தலைமை எழுத்தரும் கடைநிலை எழுத்தரும் யோ சாங்மோ என்ற ஒரே ஆள். அவரிடம் ஒரு பதிவேடும், இரண்டு குடம் மையும், மாட்டுக்கு மருந்தடிக்கும் பித்தளைப் பீச்சாங்குழல் ஒன்றும் ஒப்படைக்கப்பட்டன. சந்தை நாட்களில் அவர் சந்தை முகப்பில் நின்று வெள்ளையாக வருபவர்கள் மேல் மை பீச்சினார். முதல் சந்தையில் நாற்பது பேர் நனைந்தார்கள். இரண்டாம் சந்தையில் பதினொரு பேர். மூன்றாம் சந்தையில் ஒரு வாத்து.

தல்கோல் என்ற கிராமத்தில் அப்போது முந்நூற்றுப் பதினான்கு பேர் இருந்தார்கள். ஒரே மாதத்தில் முந்நூற்றுப் பதின்மூன்று பேர் அடுப்புக்கரியிலும் சேற்றிலும் துணியைத் தோய்த்து வண்ணத்துக்கு மாறிவிட்டார்கள். மிச்சம் ஒருவன். பெயர் பியோ மான்சொக்.

மான்சொக்குக்குப் பேரரசின் மேல் கோபம் ஏதும் கிடையாது. கோபப்பட அவனுக்கு நேரம் கிடைத்ததில்லை. அவன் துக்கத்தில் இருந்தான், அவ்வளவுதான். அப்பா பியோ இக்வான் காலமாகி இரண்டு வருஷம் முடிய நாற்பது நாள் பாக்கி. மூத்த மகன் சாயமேற்றாத சணல் துணி உடுத்தி, கறி மீன் தொடாமல், வீட்டுக்குள் அப்பாவுக்கென்று ஓர் இருக்கை அமைத்து, காலையும் மாலையும் அதன்முன் சோறு வைத்து வணங்க வேண்டும். ஆறாம் மாதம் பதினேழாம் தேதி பெருஞ்சடங்கு. அன்றோடு சணலைக் கழற்றி எரித்துவிட்டு நிமிர்ந்து நடக்கலாம். அப்பாவும் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடுவார். அதுவரை அவர் பாதி வழியில் நிற்கிறார் என்பது கணக்கு. அவரைப் பாதி வழியில் நிறுத்திவிடாமல் அனுப்பிவைக்க வேண்டும், மான்சொக்கின் மனசில் இருந்தது இது ஒன்றுதான்.

சுற்றறிக்கையில் அவனுக்கும் ஓர் இடம் இருந்தது. ஏழாவது விதி: துக்கம் காப்பவர்கள் வட்ட அலுவலகத்தில் விதிவிலக்குச் சான்றிதழ் பெற்று வெள்ளை உடுத்தலாம். மான்சொக் நிம்மதியாகக் கிளம்பிப் போனான்.

அலுவலக வாசலில் காவலாள் கோலைக் குறுக்கே நீட்டினான்.

“நில்லுய்யா. வெள்ளைக்கு உள்ள எடமில்ல.”

“துக்கத்துல இருக்கேங்க. சான்றிதழ் தர்றாங்கன்னு சொன்னாங்க.”

“தர்றாங்களே. உள்ள போயி வாங்கிக்க.”

“அப்ப போகட்டுங்களா?”

“வெள்ளைல போக முடியாது.”

மான்சொக் திரும்பி நடந்து, சந்தைப் பக்கம் கொல்லுப்பட்டறை வைத்திருந்த சிநேகிதனிடம் ஒரு கறுப்புக் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தான். காவலாள் சலாம் போடாத குறையாக உள்ளே விட்டான். எழுத்தர் யோ பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

“என்ன வேணும்?”

“துக்க விதிவிலக்குங்க.”

“யாருக்கு?”

“எனக்குத்தாங்க.”

யோ அவனை மேலும் கீழும் பார்த்தார். “நீ கறுப்புல்ல போட்டிருக்க? வெள்ளை போட்டவனுக்குத்தானய்யா விதிவிலக்கு?”

“வெள்ளைல வந்தா வாசல்ல விட மாட்டேங்கறாங்க.”

“அது வாசல் பிரிவு. இது வண்ணப் பிரிவு. ஒரு பிரிவு சோலில இன்னொரு பிரிவு மூக்க நுழைக்கப் படாது.” யோ குரலைத் தணித்து, நல்ல மனசோடு சொன்னார்: “கறுப்பு உனக்கு எடுப்பாத்தான்யா இருக்கு.”

கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தெருமுனையில் மான்சொக் திரும்பியபோது, சாப்பாட்டுக்குக் கிளம்பிய யோ எதிரே வந்தார். வெள்ளையைக் கண்டதும் கை பழக்கதோஷத்தில் பீச்சாங்குழலுக்குப் போயிற்று. பீச்சிய பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

“அட, நீயா! இப்பத்தானய்யா கறுப்புல இருந்த?” என்று வருத்தப்பட்டார்.

மான்சொக்கின் மனைவி சம்வொல் கறைபட்ட கீழ்ப்பகுதியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தாள். துக்க உடைக்கு ஓரம் மடித்துத் தைக்கும் வழக்கமில்லை. அதனால் வெட்டியது தெரியவில்லை. உடை மட்டும் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு ஏறியிருந்தது.

“இன்னும் ரெண்டு தடவ ஆபீசுக்குப் போய்ட்டு வாங்க, இடுப்பு வரைக்கும் வந்துரும்” என்றாள் சம்வொல்.

அவன் போகவில்லை. அலுவலகமே அவன் வீட்டுக்கு வந்தது.

ஆறாம் மாதம் ஐந்தாம் தேதி, காலைச் சாப்பாட்டு நேரத்தில், வட்டத் தலைவரும் யோவும் வாசலில் வந்து நின்றார்கள். தலைவர் கையில் ஒரு தந்தி இருந்தது. அதை அவர் கைக்குழந்தையைப் போலப் பிடித்திருந்தார்.

“மான்சொக்கு, தம்பி! ஆளுநர் வர்றாருப்பா. நம்ம தல்கோலுக்கு! நூறு சதவீதம் வண்ணமான கிராமத்துக்குத் தன் கையாலயே பலகை மாட்டறாராம். மாகாணத்துலயே மொதக் கிராமம். பதினேழாம் தேதி.”

“பதினேழு அப்பாவோட பெருஞ்சடங்குங்க” என்றான் மான்சொக்.

“அதான் வந்தேன்” என்றார் தலைவர். “முந்நூத்திப் பதினாலுல முந்நூத்திப் பதிமூணு. எவ்வளவுய்யா வருது?”

“தொண்ணூத்தொன்பது புள்ளி ஆறு எட்டு” என்றார் யோ.

“இந்தப் புள்ளிக்கு அப்புறம் கொறையற ஆளு நீதாம்ப்பா.”

அப்பாவின் சோறு ஆறிக்கொண்டிருந்தது. மான்சொக் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உள்ளே போய், மடக்குத் தட்டிக்குப் பின்னால் இருந்த இருக்கையின்முன் தினைச்சோற்றையும் முள்ளங்கிச் சூப்பையும் வைத்து, கரண்டியைச் சோற்றில் ஊன்றி, இரண்டு முறை விழுந்து வணங்கினான். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு வணக்கம், போய்விட்டவர்களுக்கு இரண்டு. அவன் எழுந்தபோது தலைவர் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

“தெனமும் வைக்கிறியா?”

“ரெண்டு வேளைங்க.”

“சூடாவா?”

“சூடாத்தான்.”

தலைவர் யோவின் பக்கம் திரும்பினார். “செத்தவனுக்கு யாராவது சுடச்சுடச் சோறு போடுவாங்களாய்யா? அப்பா உசுரோட இருக்காருன்னு மகனே தெனம் ரெண்டு வேளை ஒத்துக்கறான். நம்ம பதிவேடுதான் தப்பா எழுதிருக்கு.”

யோவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“அப்பா சாகலேன்னா துக்கம் ஏது? துக்கம் இல்லேன்னா வெள்ளை ஏது?” தலைவர் வீட்டு முகப்பில் திண்ணைபோல இருந்த மரத்தளத்தில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். “நிர்வாகம்னா என்னன்னு நெனச்ச? நடந்தத எழுதறது எழுத்தன் வேலை. எழுதினத நடந்ததா ஆக்கறதுதான் நிர்வாகம். இருவது வருஷமா நான் அதத்தான் பண்றேன். ஒரு தடவகூட மேலேருந்து கேள்வி வந்ததில்ல.”

“நான்தானுங்களே பொதைச்சேன்” என்றான் மான்சொக்.

“பொதைச்சது நீ. பதிஞ்சது நாங்க. எது பெருசு?” தலைவர் அவன் தோளில் கை வைத்தார். “பன்னெண்டே நாள்ப்பா. ஆளுநர் கார் மலைமுடுக்கத் தாண்டின மறுநிமிஷம் என் கையாலயே அவரக் கொன்னு எழுதிடறேன். பழைய தேதியே போட்டுத் தர்றேன். மறுநாள் நீ சடங்க வச்சுக்க. ரெண்டு வருஷம் பொறுத்த மனுசன் ஒரு நாள் பொறுக்க மாட்டாரா? முடியாதுன்னு சொன்னா, ஊருக்கு வர்ற பலகை போச்சு, ஆத்துல போட்டுத் தர்றேன்னு சொல்லிருக்கிற பாலமும் போச்சு. முந்நூத்திப் பதிமூணு பேரும் ஒன்னத்தான் பாப்பாங்க.”

அவர்கள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். வேலிக்கு வெளியே பாதி ஊர் நின்றிருந்தது.

யோ சிவப்பு மையில் ஒரு கோடு கிழித்து, ‘எழுத்துப் பிழை’ என்று ஓரத்தில் குறித்து முத்திரை வைத்தார். பியோ இக்வான், வயது எண்பத்து மூன்று, உயிருடன் உள்ளார். பிறகு மக்கள்தொகையை முந்நூற்றுப் பதினைந்தாகத் திருத்தினார்.

“பெரியவர் உடுத்தியிருக்கிற நெறம் என்னன்னு போடட்டும்?”

மான்சொக் உள்ளே இருந்த இருக்கையைப் பார்த்தான். அப்பா வெளுக்காத சணலில்தான் போனார். அவன்தான் அதை அவருக்கு உடுத்திவிட்டு, ஏழு இடத்தில் முடிச்சுப் போட்டான்.

“கருநீலம்னு போடு” என்றார் தலைவர். “வயசானவங்களுக்கு நல்லாருக்கும்.”

பத்தாம் தேதி மாவட்டத்திலிருந்து நிகழ்ச்சி நிரல் வந்தது. ஒன்று, கொடியேற்றம். இரண்டு, உரை. மூன்று, பலகை மாட்டுதல். நான்கு, வட்டத்திலேயே மூத்த குடிமகனை ஆளுநர் நேரில் கண்டு நலம் விசாரித்தல். மாவட்ட அலுவலகம் பதிவேட்டின் நகலைப் பார்த்து அந்த மூத்த குடிமகனையும் தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தது. தல்கோல் கிராமம், பியோ இக்வான், எண்பத்து மூன்று.

யோ ஓடிவந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. “தலைவரய்யா, இன்னிக்கே கொன்னுடலாங்க.”

“அறிவிருக்காய்யா ஒனக்கு? மேலிடத்துக்குப் போயிட்டு வந்த பேரு. அதுக்குள்ள செத்துட்டாருன்னு எழுதினா, வைத்தியர் அறிக்கை எங்க, கவனிக்காம விட்டது யாருன்னு கேப்பான். இனிமே அவரு உசுருக்கு நாமதான் பொறுப்பு.”

“அப்ப பக்கத்தூருலேருந்து ஒரு கெழவன...”

“அவனும் ஒரு பதிவேட்டுல இருப்பான்லய்யா. ஒருத்தன ரெண்டு எடத்துல காட்டறது மோசடி. நாம அந்த மாதிரி ஆளுங்க இல்ல.”

அன்று மாலைக்குள் ஏற்பாடு முடிந்தது. பெரியவருக்கு உடம்பு சரியில்லை. தட்டிக்குப் பின்னால் படுத்திருக்கிறார். ஆளுநர் முற்றத்தில் நின்றபடியே நலம் விசாரிப்பார். மகன் முறைப்படி வணங்கிப் பதில் சொல்வான். தட்டிக்குப் பின்னாலிருந்து அவ்வப்போது இருமல் சத்தம் வரும். இருமும் பொறுப்பு எழுத்தர் யோவுக்கு. எழுத்து மூலம் உத்தரவு தந்தால்தான் இருமுவேன் என்று யோ சொன்னார். தந்தார்கள்.

பதினாறாம் தேதி சம்வொல் கணவனின் சணல் உடையை மடித்து ஊறுகாய்ச் சாடிக்குள் ஒளித்துவைத்தாள். ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. பதினேழு காலையில், உடம்பு சரியில்லாத மாமனாருக்குக் காலைச் சாப்பாடு என்று சொல்லிக்கொண்டு, ஒரு பெருஞ்சடங்குக்கு என்னென்ன உண்டோ அத்தனையையும் தட்டிக்குப் பின்னால் அடுக்கினாள். உலர்ந்த மீன், இலந்தை, கஷ்கொட்டை, பேரிக்காய், அரிசிக் கொழுக்கட்டை, ஒரு கிண்ணம் மது. ஊதுவத்தியைக் கொசுவுக்கு என்று ஏற்றினாள்.

“நீங்க கும்புடப் போறீங்கல்ல? ஆளுநருக்கு முன்னாலேயே கும்புட்டுருங்க. அப்பா போயிருவாரு. யாருக்கு என்ன தெரியப்போவுது?” என்றாள்.

இரவல் கருநீலக் கோட்டுக்குள் நின்றிருந்த மான்சொக்குக்கு இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசாயிற்று.

வெயில் உச்சிக்கு வந்தபோது கார் வந்தது. சாலையின் இரு புறமும் கறுப்பும் பழுப்புமாக முந்நூறு பேர் நின்றார்கள். முகப்பில், வெள்ளையாக எது வந்தாலும் பீச்சு என்ற உத்தரவோடு, வாசல் காவலாள் மை நிரப்பிய குழலுடன் நிறுத்தப்பட்டிருந்தான். கார்க் கதவு திறந்து ஆளுநர் இறங்கினார். வெள்ளைத் தொப்பி. வெள்ளைக் கோட்டு. வெள்ளைக் கால்சட்டை. வெள்ளைக் காலணி. வெள்ளைக் கையுறை. அரசு ஊழியர் கோடைச் சீருடை விதி அப்படி.

காவலாள் குழலைப் பார்த்தான். ஆளுநரைப் பார்த்தான். பிறகு மெல்லத் திரும்பி, முழுக் குழலையும் பக்கத்து வயலில் பீச்சினான்.

ஆளுநர் நெடுநேரம் பேசினார். வட்டத் தலைவர் ஒவ்வொரு வாக்கியமாகக் கொரிய மொழியில் சொன்னார்.

“வெள்ளைத் துணியின் குற்றம் என்ன? அதில் அழுக்கு தெரியும். தெரிந்தால் துவைக்க வேண்டும். துவைத்தால் நேரம் போகும். வண்ணத் துணியில் அழுக்கு அப்படியே இருக்கும், ஆனால் தெரியாது. நல்ல நிர்வாகமும் அவ்வாறே. இந்த இருபது வருஷத்தில் இந்த மாகாணத்தில் நாங்கள் சாதித்திருப்பது இதுதான்.”

எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு ‘நூறு சதவீத வண்ணக் கிராமம்’ என்ற பலகை ஊர்முகப்பில் மாட்டப்பட்டது. வெள்ளை எனாமல் பலகை. பாலத்தைப் பற்றிப் பேச்சு வரவில்லை.

அதன் பிறகு மான்சொக்கின் முற்றத்துக்கு வந்தார்கள். தட்டிக்குப் பின்னாலிருந்து ஊதுவத்திப் புகை எழுந்துகொண்டிருந்தது. நடுவே கஷ்கொட்டை கடிபடும் சத்தமும் கேட்டது. எழுத்தர் யோ காலையிலிருந்து உள்ளேதான் இருந்தார்.

“பெரியவர் நலமா?” என்றார் ஆளுநர்.

உள்ளே அமைதி. தலைவர் தொண்டையைச் செருமினார். இன்னும் அமைதி. பிறகு வாய் நிறைய இருந்ததை விழுங்கிவிட்டு யாரோ பலமாக இருமினார்கள்.

“நலம் என்கிறார்” என்றார் தலைவர்.

“எண்பத்து மூன்று வயதில் என்ன நெஞ்சுரம்!” ஆளுநர் நெகிழ்ந்தார். “இவர் போன்றவர்கள் எங்கள் ஆட்சியில் நீண்ட காலம் வாழ வேண்டும்.”

“வாழ்வாருங்க” என்றார் தலைவர். “அதுக்கு நான் பொறுப்பு.”

மகன் வணங்கும் நேரம் வந்தது. மான்சொக் மரத்தளத்தில் ஏறித் தட்டியைப் பார்த்து நின்றான். இரண்டு வருஷம். எழுநூற்றுச் சொச்சம் நாள். விழுந்து வணங்கினான். எழுந்தான். உடம்பு தானாகவே இரண்டாவது வணக்கத்துக்கு வளைந்தபோது, பின்னாலிருந்து ஒரு கை அவன் கோட்டுக் காலரைக் கொத்தாகப் பிடித்தது.

“ஒண்ணு போதும்” என்று தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு காதில் சொன்னார். “ரெண்டு வச்சேன்னா மொழிபெயர்ப்பே தேவையில்ல. ஆளுநரோட வந்திருக்கிறதுல பாதிப்பேரு நம்மாளுங்கடா. செத்துட்டாருன்னு இங்கயே புரிஞ்சுரும்.”

மான்சொக் பாதி வளைந்தபடி நின்றான். தலைவர் காலரை விடவில்லை. சம்வொல் அடுப்படி வாசலில் மேற்சட்டை நாடாவைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அவன் நிமிர்ந்தான். தலைவரின் கை அப்போதுதான் இறங்கியது.

தந்தைமேல் இவ்வளவு பக்தியா என்று ஆளுநர் வியந்து, தானும் தொப்பியைக் கழற்றித் தட்டியை நோக்கி இடுப்பு வளையக் குனிந்தார். ஆளுநர் குனிந்ததால் தலைவர் அதைவிடத் தாழக் குனிந்தார். கூட வந்தவர்கள் தலைவரைவிடத் தாழக் குனிந்தார்கள். ஊர் தரையைத் தொட்டது. கொஞ்ச நேரம் அந்த முற்றத்தில் யாரும் எதையும் பார்க்கவில்லை. நின்றுகொண்டிருந்தவன் மான்சொக் ஒருவன்தான். அவனுக்குக் குனிய அனுமதி இல்லை.

கார் மலைமுடுக்கைத் தாண்டிய மறுநிமிஷம் அவன் தலைவரிடம் போனான்.

“அய்யா, அப்பாவ...”

“எப்பிடிப்பா?” தலைவர் கறுப்புக் கோட்டைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார். “ஆளுநர் இன்னிக்கு நலம் விசாரிச்ச மனுசன் ரெண்டு வருஷம் முன்னாலயே செத்துட்டாருன்னு எழுதினா, அவரு யாரைய்யா விசாரிச்சாரு?”

“இன்னிக்குத் தேதி போட்டுச் செத்ததா எழுதிருங்க.”

“எழுதலாம். ஆனா இன்னியிலேருந்து புதுசா ரெண்டு வருஷம் துக்கம். நீ மறுபடி வெள்ளை போடுவ. மாட்டின பலகை மாட்டினபடி இருக்கையில தொண்ணூத்தொன்பது ஆயிரும். வேண்டாம்ப்பா. பெரியவரு இருக்கட்டும். யாருக்குத் தொந்தரவு? இருமறதுக்கு மட்டும் அடுத்த தடவ வேற ஆளப் பாப்போம், யோவுக்கு வயித்தால போவுது.”

“சடங்கு?”

“உசுரோட இருக்கறவருக்குக் கருமாதி பண்றது சட்டப்படி குத்தம்” என்றார் தலைவர், உண்மையான அக்கறையோடு.

மூன்றாம் நாள் மான்சொக்கின் சித்தப்பா வந்து சேர்ந்தார். மலைக்கு அந்தப் பக்கத்து ஊர். வெள்ளை உடுத்தியிருந்ததால் ஓடக்காரன் ஏற்றவில்லை என்றும், சுற்றி நடந்துவந்தேன் என்றும் சொல்லிக் கால்களை நீட்டி உட்கார்ந்தார். அண்ணனின் இருக்கை இன்னும் எடுக்கப்படாமல் இருந்ததையும், சாயங்காலச் சோற்றில் ஆவி பறந்ததையும் பார்த்தார்.

“என்னடா, பெருஞ்சடங்கு நடந்துச்சா இல்லையா?”

மான்சொக்குக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. “நடந்த மாதிரிதான் சித்தப்பா.”

“வெள்ளை உடுத்தி ஒருத்தனாவது வந்து கும்புட்டானா?”

“ஒருத்தர் வந்தாரு. ஆளுநர்.”

சித்தப்பா அவனையே பார்த்தார். கேலி செய்கிறானா என்று பார்த்தார். மான்சொக்கின் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

“எத்தன தடவடா குனிஞ்சாரு?”

“ரெண்டு தடவ” என்றான் மான்சொக்.

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டு சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அண்ணன் போய்ச் சேந்திருப்பாரு.”

மான்சொக் சோற்றுக் கிண்ணத்தை எடுத்து வைத்தான். இரண்டு தடவை என்பது உண்மைதான். இரண்டாவது தடவை, கீழே விழுந்த கையுறையை எடுப்பதற்காகக் குனிந்தது.